நாலு மணிக்குள் நீலக் கண்ணாடி

அத்தியாயம் 6

"பாஸ், மூக்கை இன்னும் கீழே கொண்டுபோனா தும்மல்தான் கிடைக்கும். துப்பு கிடைக்காது" என்றாள் ஜானு.

ஃபிரெட்ரிக் தும்மினான்.

தரமணியில் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் பழைய சாமான் அறை அது. நாற்காலிக் கால்கள், செத்துப்போன டைப்ரைட்டர், சுவரோரம் அடுக்கிவைத்த சூரியத் தகடுகள். அவ்வளவுக்கும் நடுவில் நம் துப்பறிவாளன் ஃபிரெட்ரிக் முழங்கால் போட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாந்தோம்காரன், வயது முப்பத்தெட்டு, லஸ் முனையில் மாடியில் ஆபீஸ். அந்த ஆபீஸின் ஒரே ஊழியர் ஜானு. மயிலாப்பூர், வயது இருபத்துநாலு. வாய்க்கு மட்டும் வயது கிடையாது.

கதவருகில், வழக்கைக் கொடுத்த விஞ்ஞானி ஹம்சா நின்றுகொண்டிருந்தாள். அரை நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு மணிக்கு டெல்லி கமிட்டி வருது சார். இப்பவே பன்னிரண்டே கால்."

ஹம்சாவின் தலைவலியை ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். கிராமத்துத் தெருவிளக்குகளுக்காக வைத்த சூரியத் தகடுகள் பத்து வருடத்தில் மஞ்சளடித்துப் படுத்துவிட்டன. எல்லோரும் அவற்றைக் குப்பை என்றார்கள். ஹம்சா அந்தக் குப்பையைக் கிளறினாள். கெட்டது உள்ளே இருக்கும் பசைதான், சிலிக்கன் வில்லைகள் நன்றாகவே இருக்கின்றன என்று கண்டுபிடித்தாள். மெல்லச் சூடேற்றிப் பசையை எரித்து, வில்லைகளை உடையாமல் பிரித்துக் கழுவி, புதிதாக நீலப் பூச்சு கொடுத்து, பன்னிரண்டு செத்த தகடுகளிலிருந்து ஒரு புதுத் தகடு செய்தாள். பழைய தகடு புதிதில் கொடுத்ததைவிட அது கொஞ்சம் கூடவே மின்சாரம் கொடுத்தது. இதற்கு நான்கு வருடம் ஆனது.

அந்தத் தகடுதான் காணோம். இரண்டு வாரத்துக்கு முன் கடைசி அளவீடு முடித்து இந்த அறையில் வைத்துப் பூட்டிவிட்டு, அறிக்கை எழுத உட்கார்ந்தவள் நேற்றுச் சாயங்காலம் வந்து பார்த்தபோது இடம் காலியாக இருந்தது.

"நல்ல அறை ஒண்ணு கேட்டேன். டைரக்டர் பத்ரிநாராயணன் சார் தரலை. குப்பைக்குக் குப்பை அறை போதும்னுட்டார்" என்றாள் ஹம்சா. "இந்த ஆராய்ச்சியே வீண்னு கமிட்டிக்கு அறிக்கை வேற எழுதிட்டார். என் கையில தகடு இல்லைன்னா நாலரை மணிக்குத் திட்டத்தை மூடிடுவாங்க. நாளையிலிருந்து நான் லைப்ரரியில புஸ்தகத்துக்கு லேபிள் ஒட்டணும். அழுகை வரலை சார், ஆத்திரம்தான் வருது."

"அறிக்கை எழுதறதுக்கு முன்னாடி டைரக்டர் தகட்டைச் சோதிச்சுப் பார்த்தாரா?"

"பார்க்கவே இல்லை. முப்பது வருஷ அனுபவமாம்."

"அனுபவம் ரொம்ப வசதியான கருவி பாஸ். பிளக் பாயிண்டே தேவையில்லை" என்றாள் ஜானு.

வாசல் பதிவேட்டை ஏற்கெனவே பார்த்தாயிற்று. பத்து நாளைக்கு முன் 'உடைசல் கண்ணாடி ஒன்று' வெளியே போனதாக ஒரு வரி. கையெழுத்து மண்புழு நெளிந்த மாதிரி இருந்தது. ஹம்சாவிடம் இருப்பதைத் தவிர அறைக்கு இன்னொரு சாவி இருப்பது ஸ்டோர் கீப்பர் ஸ்ரீரங்கனிடம். அவர் நவராத்திரிக்கு லீவு.

ஃபிரெட்ரிக் அலமாரிக் காலுக்கு அடியில் விரலை விட்டான். நாலாக மடித்த ஒரு காகிதம் வந்தது.

"மிரட்டல் கடிதமா பாஸ்?"

"நீயே கேளு. 'கேழ்வரகு நூறு கிராம். கடுகு ஐம்பது கிராம். செம்மண் ஒரு கூடை. கண்ணாடி, மூன்றடிக்கு ஒன்றரை அடி. உடைசலானாலும் பரவாயில்லை.'"

மணிமணியான கையெழுத்து. மூவரும் அதைச் சுற்றி நின்றார்கள்.

"கேழ்வரகு, கடுகு, மண்ணு, கண்ணாடி. இதைச் சாப்பிட்டா யாரும் பிழைக்க மாட்டா. கொலை கேஸா மாறிடுத்து பாஸ், ரேட்டை ஏத்துங்கோ" என்றாள் ஜானு.

ஃபிரெட்ரிக் முழங்கால் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"டிசம்பர்ல எங்க வீட்டுல குடில் வைப்போம். மாட்டுக் கொட்டகையைச் சுத்திப் புல் வேணும். பத்து நாள் முன்னாடியே எங்கம்மா தட்டுல மண்ணைப் போட்டுக் கேழ்வரகு தெளிப்பாங்க. பொசபொசன்னு முளைக்கும். நடுவுல உடைஞ்ச கண்ணாடி ஒண்ணைப் பதிச்சா குளம். வாத்து பொம்மையை விட்டா வேலை முடிஞ்சது. இப்ப அக்டோபர் மாசம். குடில் கிடையாது. அப்போ மயிலாப்பூர் மாமி, நீ சொல்லு."

ஜானு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கொலு! கொலுவுக்குக் கீழே பார்க்! ஐயோ, இதை ஒரு சாந்தோம்காரர் வந்து எனக்குச் சொல்லணுமா?"

"உங்க வீட்டுல கொலு இல்லையா?"

"இருக்கு. அம்மா பொம்மை டிபார்ட்மென்ட். நான் சுண்டல் டிபார்ட்மென்ட்."

ஹம்சா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "என் நாலு வருஷத்துமேல வாத்து உட்கார்ந்திருக்கா?"

ஃபிரெட்ரிக்கின் பழைய ஃபியட் மயிலாப்பூருக்குக் கிளம்பியது. வழியில் இரண்டு முறை தள்ள வேண்டியிருந்தது. இரண்டு முறையும் தள்ளியது ஜானு. அந்த நேரத்தில் அவள் சொன்னதை இங்கே அச்சில் போட முடியாது.

சித்திரக்குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஸ்ரீரங்கன் வீடு. வேட்டியும் துண்டுமாகக் கதவைத் திறந்தவர், ஹம்சாவைப் பார்த்ததும் வெளுத்தார்.

"நான் யாருக்கும் எதுவும் கொடுக்கலை" என்றார்.

"நான் இன்னும் எதுவும் கேட்கலையே சார்" என்றான் ஃபிரெட்ரிக்.

அதற்குள் உள்ளேயிருந்து ஸ்ரீரங்கனின் மனைவி வந்துவிட்டாள். நவராத்திரியில் வாசல் வரை வந்தவர்களை வாசலோடு அனுப்பும் வழக்கம் மயிலாப்பூரில் இல்லை. மூவரையும் உள்ளே இழுத்து, கொலுவுக்கு முன்னால் பாயில் உட்காரவைத்தாள். ஃபிரெட்ரிக்கின் கண் நேராகக் கீழே இருந்த பார்க்குக்குப் போனது. புல் இருந்தது, குளம் இருந்தது, வாத்தும் இருந்தது. ஆனால் குளம், அலமாரிக் கதவிலிருந்து கழற்றிய வெறும் நிலைக்கண்ணாடி.

"வெறும் குளம்" என்று முணுமுணுத்தான்.

"ஒரு பாட்டுப் பாடேன்டி கொழந்தே. பாடாம சுண்டல் கிடையாது" என்றாள் ஸ்ரீரங்கனின் மனைவி ஜானுவிடம்.

ஜானு பாஸைப் பார்த்தாள். பாஸ் கண்ணைக் காட்டினான். ஜானு பாடினாள். மயிலாப்பூரில் பிறந்தவர்களுக்கெல்லாம் சங்கீதம் ரத்தத்தில் ஓடுகிறது என்று நினைப்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும். முதல் வரியில் ஸ்ரீரங்கன் கண்ணை மூடினார். இரண்டாவது வரியில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து அடுத்த சந்துக்குப் போனது. ஃபிரெட்ரிக் அந்தச் சத்தத்தின் மறைவில் ஸ்ரீரங்கனிடம் நெருங்கி உட்கார்ந்தான்.

"கண்ணாடியை யாருக்குக் கொடுத்தீங்கன்னு சொல்ற வரைக்கும் அவ நிறுத்த மாட்டா."

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்."

"அடுத்த சரணம் இன்னும் உச்சத்துல போகும்."

ஸ்ரீரங்கன் தவித்தார். ஆனால் அவர் வாயைத் திறப்பதற்குள் அவர் மனைவி திறந்துவிட்டாள். "எங்காத்துக் குளத்தையே அப்படிப் பாக்கறேளே, அடையார்ல டைரக்டர் மாமி வெச்சிருக்கிற குளத்தைப் பாக்கணும் நீங்க. அப்படி ஒரு நீலம்! சமுத்திரமேதான்!"

ஜானு பாட்டை நடுவிலேயே விட்டாள். ஸ்ரீரங்கனுக்குப் புரையேறியது.

"மேலிடத்துலேர்ந்து சீட்டு வந்தது சார்" என்றார் கடைசியில். "டைரக்டராத்துக் கொலுவுக்குக் கண்ணாடி இல்லைன்னு சொல்ல முடியுமா? அந்த ரூம்ல எல்லாமே உதவாக்கரைன்னு டைரக்டரே எழுதிக் கொடுத்திருக்கார். பாத்தேன். பாக்கி எல்லாம் மஞ்சளா இருந்தது. இது ஒண்ணுதான் பளபளன்னு நீலமா இருந்தது. டைரக்டராத்துக்கு மஞ்சளையா அனுப்பறது?"

ஹம்சாவுக்குச் சிரிப்பதா, அவரை அடிப்பதா என்று தெரியவில்லை. நான்கு வருடம் பாடுபட்டு அதை அழகாகச் செய்தது அவளேதான்.

ஃபியட் அடையாறை நோக்கித் திரும்பியபோது மணி இரண்டேகால்.

"கதை தெளிவு" என்றாள் ஜானு. "டைரக்டர் தகட்டைக் கடத்தித் தன் வீட்டுலயே பதுக்கிட்டார். கொலுங்கிற பேர்ல கொள்ளை. நேராப் போய்க் கையும் களவுமாப் பிடிக்கறோம்."

"பதுக்கறவன் ஹால்லயா வைப்பான்? ஊரே வந்து பார்க்கிற பண்டிகையிலயா?" என்றான் ஃபிரெட்ரிக்.

ஜானு ஜன்னலுக்கு வெளியே பஸ்களை எண்ண ஆரம்பித்தாள். இது அடிக்கடி நடக்காது.

காந்தி நகரில் டைரக்டர் வீட்டு வாசலில் அம்பாசடர் நின்றிருந்தது. டிரைவர் மெஹபூப் அலி சாப்பாட்டுக் கேரியரைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படத் தயாராக இருந்தான். ஃபிரெட்ரிக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது.

"அத்த நான்தான் சார் எட்த்தாந்தேன். அம்மா சீட்டு எய்திக் குட்தாங்கோ. இன்னா வெயிட்டு கீது தெர்யுமா? தோளு பூட்ச்சி."

"டைரக்டர் கொண்டுவரச் சொன்னாரா?"

மெஹபூப் அலி சத்தமாகச் சிரித்தான். "ஐயாவா? வூட்ல கொலு கீதுன்னே அவருக்குத் தெர்யாது நைனா. பேப்பரைப் பட்ச்சிக்கினே உள்ள போவாரு, பேப்பரைப் பட்ச்சிக்கினே வெளிய வருவாரு."

கார் போனது. ஜானு தன் கதையை வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

டைரக்டரின் மனைவி வேதவல்லி மாமி, ஐம்பது வயதைத் தாண்டியவர். வந்தவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல் "வாங்கோ, வாங்கோ" என்று உட்காரவைத்துவிட்டுச் சுண்டல் எடுக்க உள்ளே போனார்.

ஒன்பது படிக் கொலு. யாரும் படிகளைப் பார்க்கவில்லை. கீழே, விரல் உயரத்துக்கு வளர்ந்த கேழ்வரகுப் புல்லுக்கு நடுவில், ஆழ்ந்த நீலத்தில் ஒரு குளம் மின்னியது. மேலே இரண்டு பெரிய விளக்குகள் அதன்மேல் வெளிச்சத்தைக் கொட்டின. கரையில் வாத்துகள். கரையை ஒட்டி ஒரு குட்டி ராட்டினம், நாலு தொட்டிலில் நாலு பொம்மைகளோடு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"என் தகடு" என்றாள் ஹம்சா.

"நான் பாட ஆரம்பிக்கட்டுமா?" என்று கேட்டாள் ஜானு.

"வேண்டாம். ஒரு வீடு போதும்."

ஃபிரெட்ரிக் ராட்டினத்தையே பார்த்தான். அதிலிருந்து பிளக் பாயிண்டுக்கு ஒயர் போகவில்லை. எழுந்து ஒரு அடி முன்னால் வைத்தான். அவன் நிழல் குளத்தின்மேல் விழுந்தது. ராட்டினம் தயங்கி நின்றது. பின்னால் வந்தான். பொம்மைகள் மறுபடி சுற்றத் தொடங்கின. இன்னொரு முறை நிழலை விட்டுப் பார்த்தான். மறுபடியும் நின்றது.

"ஆறு நாளா நூறு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. சமையலறை வாசலில் வேதவல்லி மாமி சுண்டல் தட்டோடு நின்றிருந்தார். "எல்லாரும் எந்தக் கடையில வாங்கினேள்னுதான் கேட்டா. நிழலை விட்டுப் பாத்த முதல் ஆள் நீங்கதான்."

ஃபிரெட்ரிக் மெதுவாகத் திரும்பினான். "அப்போ இது என்னன்னு உங்களுக்குத் தெரியும்."

"பி.எஸ்ஸி. பிஸிக்ஸ். அறுபத்துநாலுல மெடல் வாங்கினேன். பட்டுப்புடவைக்கு அடியில இருக்கு." மாமி தட்டைக் கீழே வைத்தார். "நான் கேட்டது வெறும் உடைசல் கண்ணாடிதான். வந்தது இது. திருப்பிப் பாத்தா ரெண்டு ஒயர் தொங்கறது. பழைய டேப்ரிக்கார்டர் மோட்டாரை எடுத்து வெச்சேன். ஓடித்து."

"மாமி, அப்பவே யார்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வெடித்தாள் ஹம்சா. "நான் நேத்து ராத்திரியிலேர்ந்து பைத்தியம் பிடிச்சு அலையறேன்!"

மாமியின் முகம் மாறியது. "இது உன்னோடதாம்மா? யாரோ தூக்கிப் போட்டதுன்னு நினைச்சுண்டிருந்தேனே. இவர் சாப்பிடும்போது தானாப் பேசிப்பார். 'செத்த தகட்டுல செஞ்சது ஒரு பொம்மை ராட்டினத்தைக்கூடச் சுத்தாது'ன்னு அன்னிக்கு ஒரே முழக்கம். சரின்னு ஒரு ராட்டினம் பண்ணினேன். வாசலுக்குப் போற வழியிலயே வெச்சேன். ஒரு நாளாவது நின்னு பாப்பார், அப்போ சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஆறு நாள் ஆச்சு." அவர் குரலில் விளையாட்டும் இருந்தது, வருத்தமும் இருந்தது.

ஹம்சா கமிட்டியைப் பற்றிச் சொன்னாள். லைப்ரரியைப் பற்றிச் சொன்னாள். "மணி மூணு ஆகப்போறது மாமி. இப்பக் கொடுத்தா கொண்டுபோயிடலாம்."

"அது மட்டும் முடியாது" என்றார் மாமி.

"மாமி!"

"கொலு வெச்சாச்சு. விஜயதசமிக்கு முன்னாடி ஒரு வாத்தைக்கூட நகர்த்த மாட்டேன். கல்யாணமான நாளிலேர்ந்து ஒரு வருஷம்கூட நடுவுல கலைச்சதில்லை. பிஸிக்ஸ் வேற, இது வேற."

"அந்தப் பாவத்தை நான் ஏத்துக்கறேன் மாமி. எனக்கு ஏற்கெனவே நிறைய இருக்கு, இதோட இது" என்றாள் ஜானு.

மாமி அசையவில்லை. ஹம்சாவுக்கு அதுவரை வராத அழுகை அப்போது வந்துவிட்டது. தகடு கண்ணெதிரே இருக்கிறது, வேலை செய்கிறது, ஆனால் நாலு மணிக்கு அது தரமணியில் இருக்காது. திருடன் கையில் இருந்திருந்தால்கூடப் பிடுங்கிக்கொண்டு ஓடியிருக்கலாம்.

ஃபிரெட்ரிக் சுண்டலில் தேங்காயைப் பொறுக்கிக்கொண்டே கேட்டான். "தகடு கமிட்டிகிட்டப் போகக் கூடாது. சரி. கமிட்டி கொலு பார்க்க வரக் கூடாதுன்னு ஏதாவது சாஸ்திரம் இருக்கா மாமி?"

வேதவல்லி மாமி அவனைப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டெலிபோனைச் சுழற்றினார்.

"நான்தான். டெல்லியிலேர்ந்து மூணு பேர் வராளாமே? நவராத்திரியில ஊருக்கு வந்தவா நம்மாத்துல வெத்தலை பாக்கு வாங்கிக்காம போனா நன்னாவா இருக்கும்? நாலு மணிக்கு இங்கே அழைச்சுண்டு வந்துடுங்கோ. மீட்டிங்கா? அதை இங்கேயே வெச்சுக்கோங்கோ, ஃபேன் இருக்கு. கடலைப்பருப்பு சுண்டல், பாயசம்." மறுமுனையில் ஏதோ சத்தம் கேட்டது. மாமி ரிசீவரை வைத்துவிட்டார்.

நாலு ஐந்துக்கு அம்பாசடர் வந்தது. கமிட்டித் தலைவர் உயரமான மனிதர், காலையிலிருந்து ஃபைல்களைத் தவிர வேறெதையும் பார்க்காத களைப்போடு இருந்தார். கொலுவைக் கண்டதும் குழந்தை மாதிரி முன்னால் போய்க் குனிந்தார். கடைசியாக உள்ளே வந்த பத்ரிநாராயணன் ஹம்சாவைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீ இங்கே எங்கே வந்தே?"

"கொலு பார்க்க வந்தேன் சார்" என்றாள் ஹம்சா.

தலைவர் ராட்டினத்தைச் சுட்டிக்காட்டி, அது எதனால் சுற்றுகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஹம்சா விளக்குகளை அணைத்தாள், ராட்டினம் நின்றது. ஜன்னல் திரையை விலக்கினாள், மேற்கு வெயில் சாய்ந்து வந்து குளத்தில் விழுந்தது. ராட்டினம் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. ஒரு பொம்மை தொட்டிலிலிருந்து தெறித்துப் புல்லில் விழுந்தது. "அதை நாங்க நகர்த்தலை மாமி, சூரியன் நகர்த்தினார்" என்றாள் ஜானு.

ஹம்சாவின் கைப்பையில் சீப்பு இருந்ததோ இல்லையோ, மீட்டர் இருந்தது. அதை ஒயரில் பொருத்தித் தலைவர் கையில் கொடுத்தாள். அவர் முள்ளைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்த இருவரிடமும் கொடுத்தார். மூன்று பேரும் ஹம்சாவைச் சூழ்ந்துகொண்டு, எத்தனை டிகிரிச் சூடு, எத்தனை வில்லை உடைந்தது, பூச்சில் என்ன மாற்றம் என்று கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார்கள். ஹம்சா எல்லாவற்றுக்கும் மனப்பாடமாகப் பதில் சொன்னாள். கால்மணி நேரம் கழித்துத் தலைவர், இன்னும் எத்தனை பழைய தகடுகள் தேவைப்படும் என்று கேட்டபோது, அவள் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தாள்.

"டூ ஹண்ட்ரட் சார்" என்றாள் ஜானு அவளுக்குப் பதிலாக. ஃபிரெட்ரிக் அவள் காலை மிதித்தான்.

இத்தனை நேரமும் பத்ரிநாராயணன் தரையில் முழங்கால் போட்டு, கொலுப் படிக்குப் பின்னால், சிவப்புத் துணிக்கு அடியில், மண்ணுக்குள் என்று கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். சட்டைக் கையெல்லாம் செம்மண். கடைசியில் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார்.

"வேதா, பேட்டரியை எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?"

வேதவல்லி மாமி பாயசக் கிண்ணங்களைத் தட்டில் அடுக்குவதை நிறுத்தவில்லை.

"முப்பது வருஷமா இந்த ஆத்துல நானும்தான் சுத்திண்டிருக்கேன். பேட்டரி எங்கேன்னு ஒரு நாளாவது கேட்டேளா?"

தமிழ் தெரியாத கமிட்டித் தலைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். பத்ரிநாராயணன் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பார்த்தார். பிறகு எழுந்து, தலைவரின் ஃபைலிலிருந்து தன் அறிக்கையைத் தானே உருவி எடுத்து, இரண்டாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கொலுவுக்கு முன்னால் இருந்த பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எப்படிப் பண்ணினே வேதா, சொல்லு" என்றார்.